இரும்பு பம்பர் அடிக்கப் போகிறீர்களா?

லோடு ஏற்றும் பிக்கப் வைத்திருந்தால் இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மார்க்கெட்டில் முன்னால் நின்ற டிராக்டர் டிரெய்லர் லேசாகப் பின்னால் வரும். உங்கள் பிளாஸ்டிக் பம்பர் விரிசல் விடும். மாற்றலாம் என்று விலை கேட்டால் பம்பரோடு கிளிப்பும் பிராக்கெட்டும் பெயின்ட்டும் பில்லில் ஏறி நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்காரர் சொல்வார்: "எதுக்குண்ணே வீண் செலவு? அஞ்சு எம்.எம். பிளேட்டுல ஒண்ணு அடிச்சு மாட்டிடலாம். யாரு இடிச்சாலும் அசையாது."

அவர் சொல்வது பொய்யில்லை. ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் செய்து சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) முடுக்கிய பம்பர் லேசில் அசையாது. அது அசையாமல் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என்ன ஆகும், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கண்ணில் பட்டால் என்ன ஆகும், இன்ஷூரன்ஸ் கேட்கும்போது என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்பர் என்று நாம் சொல்வது எதை? வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் மேல்தோல். அதைக் கழற்றினால் பின்னால் அகலவாக்கில் ஓர் இரும்புச் சட்டம் ஓடும். பல புது வண்டிகளில் அந்தச் சட்டத்துக்கும் சேஸ் நுனிக்கும் நடுவே, இரண்டு பக்கமும், டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். இதற்கு கிரஷ் பாக்ஸ் (மோதினால் முதலில் மடங்குவதற்கென்றே மெல்லிய தகட்டில் செய்த பெட்டி) என்று பெயர். சில வண்டிகளில் சேஸ் நுனியிலேயே பள்ளம் பள்ளமாக அழுத்தி வைத்திருப்பார்கள். அது தயாரிப்பில் வந்த குறை அல்ல. மடங்க வேண்டிய இடம் அதுதான் என்று அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மாடல் லோடு வண்டிகளில் இவ்வளவு ஏற்பாடு கிடையாது. தகரப் பம்பர் நேராகச் சேஸில் உட்கார்ந்திருக்கும்.

மடங்குவதால் என்ன லாபம்? வண்டி நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு பாலத்துத் தூணில் மோதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதி நசுங்கி நசுங்கி அரை மீட்டரில் வண்டி நின்றால், சீட் பெல்ட் போட்ட 60 கிலோ ஆள் மேல் சராசரியாக 750 கிலோ எடைக்குச் சமமான விசை ஏறும். உயிர் பிழைக்கலாம். அதே மோதல், ஆனால் முன்பகுதி இறுகிப்போய் 20 சென்டிமீட்டர்தான் நசுங்கியது என்றால் அந்த விசை 1,900 கிலோ ஆகிவிடும். வேகம் அதே 40. வண்டியும் அதே வண்டி. பெல்ட் பதியும் நெஞ்செலும்பின் மேல்தான் அந்தக் கூடுதல் பாரம் இறங்கும்.

"அப்படியென்றால் லாரிக்கு மட்டும் ஏன் அவ்வளவு கனமான பம்பர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருபத்தைந்து டன் லாரி ஒரு பிக்கப்பில் மோதினால் லாரியின் வேகம் கொஞ்சம்தான் குறையும், அதன் டிரைவருக்கு அதிர்ச்சியும் குறைவு. இரண்டரை டன் பிக்கப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிரே வந்தது லாரியோ, புளியமரமோ, அடி முழுக்க உங்களுக்குத்தான். பம்பரின் கனத்தைக் கூட்டினால் வண்டி லாரியாகிவிடாது.

"நான் வேகமாக ஓட்டுவதே இல்லை. சந்தைக்குள் நெரிசலில் படும் இடிக்குத்தானே கேட்கிறேன்?" இந்த இடத்தில் இரும்பு பம்பருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஆள் நடக்கும் வேகத்தில் படும் இடிக்கு அதுதான் ஜெயிக்கும். பெயின்ட் உரிவதோடு போய்விடும். அதற்குச் சற்று மேலே போனால் கணக்கு மாறுகிறது. பம்பர் வாங்காத அடி பிராக்கெட் வழியாகச் சேஸ் நுனிக்குப் போகும். உடைந்த பிளாஸ்டிக்கை மாற்றுவது ஒரு நாள் வேலை. சேஸ் ஒரு பக்கம் ஒரு விரற்கடை வளைந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும், அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் நிற்காது. பம்பர் மட்டும் புதுசு மாதிரியே இருக்கும்.

ஏர்பேக் உள்ள வண்டியா? இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மோதலின் வேகக்குறைவை சென்சார் (அதிர்வை அளக்கும் சிறு கருவி) அளந்து, பலூனை விரிப்பதா வேண்டாமா, எப்போது விரிப்பது என்று ஒரு கணினி முடிவு செய்கிறது. எல்லாம் நூறில் சில பங்கு நொடிக்குள் நடக்கும். கம்பெனி போட்ட பம்பரோடு சோதித்துத்தான் அந்தக் கணக்கை எழுதியிருப்பார்கள். முன்னால் வேறு இரும்பை மாட்டினால் சென்சாருக்குப் போய்ச் சேரும் அதிர்வே வேறு மாதிரி ஆகிவிடும். பலூன் பிந்தி விரியலாம், சின்ன இடிக்கே விரியலாம், விரியாமலும் போகலாம். எது நடக்கும் என்பதை உங்கள் பட்டறையில் சோதித்துப் பார்க்க முடியாது.

முன்னால் வருபவரையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சாலையில் பிக்கப்பின் முன்னால் இருப்பது பெரும்பாலும் டூ வீலரும் நடந்து போகிறவரும். பிளாஸ்டிக் பம்பர் அவர் முழங்கால் பட்டால் உள்வாங்கும். தகட்டின் வெட்டு விளிம்பு உள்வாங்காது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காரணத்துக்காகத்தான் 2005-ல் ஒரு தனி விதியைக் கொண்டுவந்து, ஆள் மேல் மோதும் சோதனையில் தேறாத முன்கார்டுகளுக்குக் கதவை அடைத்தது.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. அனுமதியில்லாமல் கிராஷ் கார்டு, புல் பார் (வண்டி முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்) பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு மாறானது, 190, 191 பிரிவுகளின்கீழ் தண்டிக்கத்தக்கது என்பது அதன் சாரம். 52-ஆவது பிரிவு சொல்வது எளிமையானது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ என்ற பிரிவும் சேர்ந்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"அது கார்டு போட்டால்தானே? நான் பம்பரையே அல்லவா மாற்றுகிறேன்?" என்று சிலர் கேட்பார்கள். கடிதம் கார்டைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் 182ஏ எந்த மாற்றத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனிப் பம்பரைக் கழற்றிவிட்டுக் கையால் அடித்த ஒன்றை மாட்டுவது மாற்றமில்லை என்று சாலையோரம் நின்று வாதாடலாம், ஜெயிப்பது கஷ்டம்.

"ரோட்டில் பாதி வண்டி கார்டோடுதானே ஓடுகிறது?" ஓடுகிறது. எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) காட்டும் நாளில் கழற்றிவிட்டு மறுநாள் மாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் விபத்து நடந்த அன்றைக்குக் கழற்ற நேரம் இருக்காது. விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிட்டு அறிக்கை எழுதுவார். சர்வேயரும் (இன்ஷூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடுபவர்) போட்டோ எடுப்பார். இரண்டிலும் அந்தப் பம்பர் தெளிவாகத் தெரியும். உங்கள் கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ ஒரு காரணத்தை நீங்களே காசு கொடுத்து வெல்டிங் வைத்து மாட்டியதாக ஆகிவிடும்.

எடையைப் பற்றிப் பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள், நாம் பேசிவிடுவோம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. பம்பர் 1.7 மீட்டர் அகலம், முகப்பு 25 சென்டிமீட்டர், மேலும் கீழும் 15 சென்டிமீட்டர் மடிப்பு என்றால் ஏறக்குறைய 0.93 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். ஐந்து மில்லிமீட்டரில் அது 37 கிலோ. பிராக்கெட், போல்ட் எல்லாம் சேர்த்தால் 40-ஐத் தாண்டும்.

நாற்பது கிலோ ஒரு பெரிய எடையா? நடுவில் வைத்தால் இல்லை. இது முன் ஆக்சிலுக்கும் (முன் சக்கர அச்சு) முன்னால் தொங்குகிறது. 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.2 மீட்டர் என்றால், முன் ஆக்சிலில் கூடுவது 40 அல்ல, 50 கிலோ. அந்தப் பத்துக் கிலோ பின் ஆக்சிலிலிருந்து வந்தது. லோடு இறக்கிவிட்டுக் காலியாக வரும் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே லேசானது. மழையில் பிரேக் பிடித்தால் வால் சறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை இன்னும் லேசாக்குகிறோம். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்குள் பம்பரும் அடக்கம் என்பதால், ஏற்ற அனுமதியுள்ள சரக்கில் அவ்வளவு கிலோ கழிந்தும் போகிறது.

வெப்பம் இன்னொரு தொல்லை. இப்போதைய பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் ரேடியேட்டரோடு இன்டர்கூலர் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிரவைக்கும் கருவி) வேறு முன்பக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சல்லடை போல விட்டிருக்கும் திறப்புகள் இவற்றுக்குக் காற்று போகும் வழி. பிளேட்டால் மூடிவிட்டால் சமதரையில் தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இரண்டாவது கியரில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சொல்லும்.

இவ்வளவு தொல்லை இருக்கிறதே, உலகத்தில் யாருமே இதைச் செய்வதில்லையா? செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மனித வாடையே இல்லாத நெடுஞ்சாலையில், இருட்டில், கங்காரு பாய்ந்து முன்னால் வரும். ரேடியேட்டர் உடைந்தால் உதவிக்கு ஆள் வர நாளாகும். அதனால் அங்கே புல் பார் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1975-ல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் இதில் பேர்பெற்றது. ஆஸ்திரேலியாவில் 2002 முதல் இதற்கென்று ஒரு தேசியத் தரக்குறிப்பும் இருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் பம்பர் விதி பயணிகள் காருக்கு மட்டும்தான், பிக்கப்புக்குக் கிடையாது. ஆகவே வீட்டு கராஜில் சொந்தமாகப் பம்பர் அடிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. உயரம், அகலம் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது பிளேட்டின் தடிமனை அல்ல, வேலையின் ஒழுங்கை. நம் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பாடி கட்டுகிறார்கள், கரூரில் முழு பஸ்ஸையே கட்டுகிறார்கள். ரோட்டுக்கு வராமல் எஸ்டேட்டுக்குள் மட்டுமே ஓடும் பழைய வண்டிக்கோ, கம்பெனியிலேயே தகரப் பம்பரோடு வந்த வண்டியின் பழுதுக்கோ நீங்கள் பட்டறைக்குப் போனால் கீழே உள்ளவற்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சேஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். சேஸ் சாதாரண ஆங்கிள் இரும்பு அல்ல. பல வண்டிகளில் அது உறுதி கூட்டிய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்த உறுதி போய்விடும். உடனே ஒன்றும் தெரியாது. லோடு ஏறி, குழியில் குதித்து, மாதக்கணக்கில் அலைந்த பிறகு, வெல்டிங் ஓரமாகவே தலைமயிர் கனத்தில் ஒரு கீறல் விழும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் புது ஓட்டை போடவும் விடாதீர்கள். கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளில் மட்டும் போல்ட் போட்டு மாட்ட வேண்டும்.

போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். முன்னால் உள்ள 8 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதற்கான குறி. ஒன்றும் பொறிக்காத போல்ட் கேட்டுக்கும் கிராதிக்கும் போதும், இதற்குப் போதாது.

பிளேட் எவ்வளவு தடிமன் வேண்டும்? முகப்புக்கு மூன்று மில்லிமீட்டரே தாராளம். மடித்து மடித்துச் செய்தால் அந்த மடிப்புகளே விறைப்பைக் கொடுக்கும். மேலே போட்ட அதே அளவுக்கு 22 கிலோவில் வேலை முடிந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் தட்டையாகத் தொங்குவதைவிட மூன்று மில்லிமீட்டர் நன்றாக மடித்தது மேல். தடிமனைப் பிராக்கெட்டில் செலவழியுங்கள். முதலில் அட்டையை வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்து, ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், இழுவைக் கொக்கி எதுவும் மறையவில்லை, சக்கரம் முழுக்கத் திரும்பினால் உரசவில்லை என்று உறுதியான பிறகுதான் பிளேட்டில் கோடு போட வேண்டும்.

வெல்டிங் வைக்கும்போது என்ன பார்ப்பது? முதலில் வண்டியிலேயே அங்கங்கே டேக் அடித்து (தற்காலிகமாகப் புள்ளி வைத்து), கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங் போட வேண்டும். ஒரே பக்கமாக நீளத்துக்கு இழுத்தால் சூட்டில் பம்பர் வாழைக்காய் வாக்கில் வளையும். இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போடுவார் விஷயம் தெரிந்தவர். பிராக்கெட் போன்ற தடித்த இடங்களில் விளிம்பைச் சாய்த்துத் தேய்த்துவிட்டு வெல்டிங் போட்டால்தான் உள்ளே இறங்கும். அழகுக்காக எல்லா வெல்டிங்கையும் கிரைண்டரில் வழவழவென்று தேய்க்கச் சொல்லாதீர்கள். தேய்ந்து போவதில் பலமும் சேர்த்தி.

வண்டியில் டேக் அடிக்கும் முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ பின்னால் மாட்டினால் கரண்ட் போகும் வழியில் உள்ள மின்னணுப் பெட்டிகள் போய்விடக்கூடும். ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய குழாய்) பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால் கிளம்பும் வெள்ளைப் புகை வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். கடைசியாக, தகட்டின் அடியில் இரண்டு சிறு ஓட்டைகள் கேளுங்கள். மழைத்தண்ணீர் இறங்க வழி இல்லாவிட்டால், வெளியே ரெட் ஆக்சைடு எவ்வளவு அடித்தாலும் உள்ளிருந்து துரு தின்னும்.

கார்டோடு இருக்கும் பழைய பிக்கப்பை வாங்கப் போகிறீர்களா? விலை பேசும் முன் கீழே குனிந்து, அது போல்ட்டில் நிற்கிறதா, வெல்டிங்கில் நிற்கிறதா என்று பாருங்கள். போல்ட் என்றால் கழற்றிவிட்டு ஓட்டலாம். வெல்டிங் என்றால் சேஸுக்குச் செலவு இருக்கிறது. கார்டுக்குப் பின்னால் கம்பெனிச் சட்டமும் கிரஷ் பாக்ஸும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இடைஞ்சல் என்று சிலர் அறுத்து எறிந்திருப்பார்கள். இல்லையென்றால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

சரி, உடைந்த பிளாஸ்டிக்குக்கு என்னதான் வழி? விரிசல் மட்டும் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யும் கடையில் உள்பக்கம் கம்பி பதித்து ஒட்டித் தருவார்கள். லோடு வண்டிக்கு அந்த அழகு போதும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் இன்ஷூரன்ஸில் கேட்கலாம், ஆனால் இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். இன்னொன்று சரக்கு வண்டிக்கே உரியது: பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பெயின்ட் ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதம், ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் பாலிசிக்குள் வரும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதை விட்டுவிட்டே பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் பாலிசித் தாளை எடுத்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் கேட்டு வாங்குங்கள்.